எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு

எங்கள் கிறிஸ்தவ ஆலயம் லுக்குட் ஊருக்குப் போகும் சாலையில், செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. பழைய ஐயர் இருந்தவரை அவர் வைத்ததுதான் சட்டம். பூ ஜாடியை நகர்த்தக்கூட அவரைக் கேட்க வேண்டும். அதனால் புதிய பாஸ்டர் வந்து, "சபை என்னோடது இல்ல. இனிமே எல்லாரும் சேர்ந்து முடிவெடுப்போம்" என்றபோது, அதிகம் சந்தோஷப்பட்டவள் நான்தான்.

அவர் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். எல்லாரும் கண்களை மூடிக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்பவர்கள் கை தூக்க வேண்டும். அவர் மட்டும் பார்ப்பார். யார் மனமும் நோகாது. மின்விசிறி மாற்றுவது, ஆராதனை நேரம் என்று எல்லாம் சுமுகமாகவே முடிந்தன.

பிறகு என் அண்ணன் சிரம்பான் மருத்துவமனையில் படுத்தார். டாக்டர்கள் கை விரித்துவிட்டார்கள். அவருக்கு இருந்தது ஒரே ஆசை: ஆலயத்துக்குப் பின்னால், அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் இடம் வேண்டும். ஆனால் அண்ணி இந்து. பிள்ளைக்கு உடம்புக்கு முடியாதபோது அண்ணன் காவடி எடுத்தார்; அதற்குப் பிறகு ஆலயத்துப் பக்கமே வரவில்லை.

பாஸ்டரைத் தனியாகப் பார்த்துக் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் ஒருத்தனா முடிவு பண்ண முடியாது சிஸ்டர். சபையில வச்சிருவோம் லா."

பழைய ஐயராக இருந்தால் என்னை நன்றாகத் திட்டிவிட்டு இடம் கொடுத்திருப்பார். அந்த மனிதரை நினைத்து நான் ஏங்குவேன் என்று யார் கண்டது?

அந்த வாரம் லுக்குட் பசாரில் காய்கறி வாங்கப் போனபோது சபைப் பெண்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்து, "ஜெபம் பண்ணிக்கிறேன்க்கா" என்றாள். முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டில் நான் பேச்சை எடுத்தாலே என் கணவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் விஷயத்தைச் சொன்னார். "கண்ண மூடிக்குங்க. இடம் குடுக்க வேணாம்னு நெனைக்கிறவங்க கை தூக்குங்க."

முதலில் மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. பின்வரிசையில் துணி சரசரத்தது. யாரோ ஒருத்தியின் வளையல். இன்னொருத்தியின் வளையல். அப்புறம் எனக்கு மிக அருகில் ஒரு சத்தம்.

என் கணவரின் கைக்கடிகாரச் சங்கிலி தொளதொளவென்றிருக்கும். பாட்டு நேரத்தில் அவர் கை உயர்த்தும்போதெல்லாம் கலகலவென்று முழங்கைவரை இறங்கும். கடையில் கொடுத்து இறுக்கச் சொல்லி எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன்.

நான் கண்ணைத் திறக்கவில்லை.

"ஆமென்," என்றார் பாஸ்டர். இடம் இல்லை என்று முடிவானது.

அன்று மதியமே மருத்துவமனைக்குக் கிளம்பினோம். அண்ணன் பதிலுக்காகக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். காரில் உட்கார்ந்ததும் கணவர் சொன்னார், "நீ ஒடஞ்சி போயிருக்க. மச்சான்கிட்ட நானே பக்குவமா சொல்லிக்கிறேன்."

ஆறுதலாக என் தலையைத் தடவக் கையைத் தூக்கினார். அதே கலகலப்பு. இத்தனை வருடத்தில் முதல்முறையாக எனக்கு அவர்மேல் பயம் வந்தது.

"வண்டிய எடுங்க," என்றேன்.