நாலு மைக்கிலும் ஒரே குரல்

நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. ஆனால் இது நடந்தது. 1974 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை. ஜார்ஜியாவில், வேக்ராஸ் ஊரில். டேப் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

தொடங்கி வைத்ததே என் கைங்கரியம்தான். மாலை 6:10. கிளப்புக்குப் பின்னால் நிறுத்தியிருந்த ரெக்கார்டிங் வேனுக்குள், ஒரு ஜாடி ஐஸ் டீயை மிக்சிங் போர்டின் மேல் முழுசாகக் கவிழ்த்தேன். எங்கள் ஊர் டீயில் பாதி சர்க்கரை. எட்டு மைக்குக்கான இணைப்புகளில் நாலு அங்கேயே உயிரை விட்டன. பதினோரு வருட அனுபவசாலி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான்.

வேறு நாளாக இருந்தால் தள்ளிப்போட்டிருப்போம். அன்று முடியாது. பாடகன் வெர்லனுக்குத் தொண்டையில் கட்டி. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். அதன் பிறகு குரல் இருக்குமா என்று கேட்டதற்கு டாக்டர் மேஜையைப் பார்த்தாராம். அவன் பாட்டை டேப்பில் பிடிக்க இந்த ஒரு கச்சேரிதான்.

மிச்சமிருந்த நாலு மைக்கைப் பங்கிட்டேன். டிரம்ஸுக்கு ஒன்று, பேஸ் கிட்டாருக்கு ஒன்று, மற்ற இரண்டு கிட்டாருக்கும் சேர்த்து ஒன்று, வெர்லனின் குரலுக்கு ஒன்று. கூடப் பாடுகிறவர்களின் மைக்குகளை மேடையிலிருந்தே எடுத்துவிட்டேன்.

டிரம்ஸ் வாசிக்கும் டூலி வேனுக்குள் தலையை நீட்டினான்.

"அப்ப நாங்கல்லாம் வாயை மூடிக்கணுமா, ஹாய்ட்?"

"ஆமா. உங்க மூஞ்சிக்கு அதான் எடுப்பா இருக்கும்."

"டீ குடிக்கத் தெரியாதவன் பேசுறதப் பாரு!"

கச்சேரியைப் பதிவு செய்கிறவன் கச்சேரியைப் பார்ப்பதில்லை. உள்ளே நூற்றைம்பது பேர் பீரும் வியர்வையுமாக ஆடுவார்கள். நான் வெளியே தகரப் பெட்டிக்குள், ஹெட்போனும் ஒலி அளவு காட்டும் நாலு முள்ளுமாக. வீட்டிலும் ஏறக்குறைய இதே கதைதான். மனைவி போய் மூன்று வருடம். கூட்டம் கைதட்டும்போது சில சமயம் நானும் தட்டுவேன்... யாரும் பார்க்கப் போவதில்லை என்ற தைரியத்தில்.

8:32. முதல் பாட்டு. இரண்டாவது அடியிலேயே வெர்லனோடு இன்னொருவன் சேர்ந்தான்.

மெல்லிய குரல். வெர்லனுக்கு ஒரு படி மேலே, ஒட்டிக்கொண்டே வந்தது. மூச்சு வாங்கும் இடம்கூட ஒன்று. இப்படிக் குரலோடு குரல் ஒட்டுவது ஒரே ரத்தத்துக்குத்தான் வரும். சர்ச்சில் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடி வளர்ந்த அண்ணன் தம்பிகளிடம் கேட்டிருக்கிறேன். மற்றவர்கள் எத்தனை வருடம் பழகினாலும் நடுவில் நூலளவு இடைவெளி இருக்கும். இங்கே இல்லை.

நான் சந்தோஷப்பட்டேன். மடையன்.

9:20. இடைவேளை. டூலி வந்தான். நான்தான் கேட்டேன்.

"கூடப் பாடுறது யாருடா? வெர்லனோட அண்ணனா?"

"கூடப் பாடுறதா? நீதானே மைக்கைப் புடுங்குன!"

"எனக்குக் கேட்டுச்சுடா."

"அவன் வீட்டுக்கு ஒத்தப் புள்ள. ஆமா... நீ கொட்டுனது டீதானா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

9:45. மறுபடி அதே குரல்.

எவனோ போதையில் மேடையேறிவிட்டான் என்று நினைத்தேன். எந்த மைக் பக்கம் நிற்கிறான்? டேப்பைத் தொடாமல், என் காதுக்கு மட்டும், ஒவ்வொரு மைக்காகக் கேட்டேன்.

டிரம்ஸ் மைக். வெர்லன் தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல. அது சரி. ஆனால் மற்றவன்... மிகப் பக்கத்தில். உதடு பிரியும் சத்தம்கூடக் கேட்டது.

பேஸ் மைக். வெர்லன் தூரத்தில். மற்றவன் பக்கத்தில்.

கிட்டார் மைக். அதேதான். வெர்லனின் மைக். அதில் இரண்டு பேருமே பக்கத்தில்.

ஒரு ஆள் நாலு மைக்குக்கு முன்னாலும் ஒரே நேரத்தில் நிற்க முடியாது.

ஹெட்போனைத் துடைத்து மறுபடி மாட்டிக் கேட்டேன். மாற்றமில்லை.

10:41. கடைசிப் பாட்டு. உச்சத்துக்குப் போகும்போது வெர்லனின் குரல் உடைந்தது. க்ர்ர்... பிறகு வெறும் காற்று.

மற்றவன் பாடினான்.

தனியாக. ஒரு படி இறங்கி, வெர்லனின் இடத்தில் நின்று.

ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு கிளப்பின் பின்கதவுக்கு ஓடினேன். உள்ளே வாத்தியங்கள் மட்டும்தான் கேட்டன. வெர்லன் வாயை மூடிக்கொண்டு நின்றான். தலையை ஒரு பக்கம் சாய்த்து, எதையோ கேட்பவன்போல.

வேனுக்குத் திரும்பினேன். தரையில் கிடந்த ஹெட்போனிலிருந்து...

பாட்டு வந்துகொண்டிருந்தது.

11:05. வெர்லன் வந்தான். கிசுகிசுப்பாகத்தான் பேச முடிந்தது.

"டேப்பு நல்லா வந்துச்சா?"

"வந்துச்சு. யாரு வெர்லன் அது?"

தோளில் தட்டினான். "வீட்டுக்குப் போ, ஹாய்ட். ரொம்பக் களைச்சுட்ட."

ஆபரேஷன் உயிரைக் காப்பாற்றியது. குரலைக் காப்பாற்றவில்லை. அக்டோபரில் ஒரு மதியம் டேப்பையும் அதை ஓட்டும் மெஷினையும் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா இனெஸ் அடுப்பில் கோழி பொரித்துக்கொண்டிருந்தார். சமையலறை மேஜையில் வைத்துக் கடைசிப் பாட்டை ஓட விட்டேன்.

வெர்லன் திடுக்கிடவில்லை. பென்சிலை எடுத்து எழுதினான்.

"உனக்கும் கேக்குதா?"

பிறகு அதன் கீழே:

"சின்ன வயசுலேர்ந்து வருவான். யாருன்னு தெரியாது. நான் பாடுனாதான் வருவான். இப்ப எங்க போவான்?"

அவ்வளவு தனிமையான கையெழுத்தை நான் பார்த்ததில்லை. இந்த வாயால் எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பவன் நான். அன்று டேப்பை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை.

அடுப்பு அணையும் சத்தம். இனெஸ் அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டியபடியே நின்றார்.

"அம்மா," என்றேன். "இவன் ஒத்தப் புள்ளன்னு டூலி சொன்னான். இவனுக்குக் கூடப் பொறந்தவங்க யாராவது உண்டா?"

திரும்பினார். கை முழுக்க மாவு.

"ரெட்டைப் புள்ளைங்க, கண்ணு. இவன்கிட்டகூட நான் சொன்னதில்ல. மொதல்ல வந்தவன் இருபது நிமிஷம்தான் உசுரோட இருந்தான். கண்ணத் தொறந்து பாத்தான். அழவே இல்ல."

டேப்பின் நுனி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. டப்... டப்... டப்...

"அவன் குரல இன்னிக்குத்தான் கேக்குறேன்."