சாப்பிட்டீங்களா என்று கேட்ட செயலி

தக் யூரிமுக்குக் காலில் சக்கரம். சுன்சோன் பல்கலைக்கழகத்துப் பின்வாசல் தெருவில் அவள் போவதையும் வருவதையும் பார்த்திருக்கிறோமே தவிர, ஓரிடத்தில் உட்கார்ந்து பார்த்ததாக எங்களில் யாருக்கும் நினைவில்லை. நின்றால்கூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். இறுதியாண்டு மாணவி. இந்தக் குளிர்காலத்தில் மகள் பட்டம் வாங்கிவிடுவாள் என்று, பக்கத்து ஊரான ஹோங்சோன் சந்தையில் கிம்ச்சி ஊறுகாயும் தொடுகறிகளும் விற்கும் அவள் அம்மா ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தாயிற்று.

அம்மா தினமும் கடை மூடும் நேரத்துக்குப் போன் செய்வாள். சாப்பிட்டாயா என்பாள். சாப்பிட்டேன், நீ என்பாள் மகள். ஆச்சு என்பாள் அம்மா. அதோடு சரி. எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் நடக்கிற பேச்சுதான் இது.

பட்டம் வேண்டுமென்றால் ஏதாவது ஒன்றைச் செய்து பேராசிரியர்கள் முன்னால் காட்ட வேண்டும். யூரிமும் அவள் கூட்டாளி போங் தோஜினும் மாணவர்களுக்கான சாப்பாட்டுச் செயலி ஒன்றைச் செய்தார்கள். வாரத் தொடக்கத்தில் கையில் இருக்கும் காசைச் சொல்லிவிட்டால், அதை நாளுக்கு இவ்வளவு என்று பிரித்து, இன்றைக்கு இந்தக் கடையில் இதைச் சாப்பிடலாம் என்று காட்டும். சாயங்காலம் ஆனதும் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கும். "ஆச்சு", "இல்லை" என்று இரண்டு பொத்தான்கள். விலையெல்லாம் அவர்கள் இருவரும் கடை கடையாக ஏறி, உட்கார்ந்து தின்று, விசாரித்து எழுதியவை. ஆளுக்கு இவ்வளவு என்று கனகச்சிதமாக இருந்தது.

விடுதிப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லாரும் நாள் தவறாமல் "ஆச்சு" என்றே அமுக்கினார்கள். தோஜினுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பட்டம் கையில் வந்த மறுநாளே சேர்ந்துகொள் என்று சியோலில் ஒரு கம்பெனி அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தது.

யூரிமுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. நல்ல செய்தி வந்தால் நிம்மதியாகத் தூங்குகிற ஜாதி இல்லை அவள். திரும்பத் திரும்ப அந்தப் பதில்களைத் தோண்டினாள். குழாய் உடைந்து பின்வாசல் தெரு முழுக்கத் தண்ணீர் வராமல் போய், ஒரு கடைகூட அடுப்பு மூட்டாத நாள் ஒன்று இடையில் வந்து போயிருந்தது. அன்றைக்கும் எல்லாரும் "ஆச்சு". மூடிய கடையில் போய் எதைச் சாப்பிட்டார்கள்?

தோஜினிடம் போய்ச் சொன்னாள். அவன் சிரித்தான்.

"நாலு பேரு சாப்ட்டேன்னு சொன்னா சந்தோஷப்படுவாங்க. நீ என்னடான்னா வயிறு எரியுற. வெள்ளிக்கிழமை பேராசிரியருங்க முன்னால காட்டுற வரைக்கும் சும்மா இருடி, உனக்குக் கோடி புண்ணியம்."

சும்மா இருக்க முடிந்தால் அவள் யூரிம் இல்லையே. விடுதிக்கு ஓடினாள். பொதுச் சமையலறையில் முதலாண்டுப் பெண் ஓக் தாமி தனியாக நின்றுகொண்டு, ராம்யோன் நூடுல்ஸ் பொட்டலத்தை வேகவைக்காமலே நொறுக்கி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கிடந்த போனில் இவர்கள் செயலி. இன்று மதியம் பின்வாசல் கடையில் தக்கால்பி, "ஆச்சு" என்று பச்சை விளக்கு எரிந்தது. கோழியும் முட்டைக்கோசும் பெரிய இரும்புத் தட்டில் புரட்டித் தருகிற தக்கால்பிக்குத்தான் எங்கள் ஊரே பேர்போனது. தாமியின் உதட்டில் ஒட்டியிருந்ததோ வேகாத நூடுல்ஸ் தூள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். இங்கே மறைக்கச் சோறே இல்லை.

"என்னடி இது? தக்கால்பி சாப்ட்டேன்னு போட்டிருக்க?"

தாமிக்குக் காதுவரை சிவந்துவிட்டது. "ஒத்த ஆளுக்கு அங்க அடுப்பு மூட்ட மாட்டாங்கக்கா. ரெண்டு பேரு பங்கு சொல்லணும். இந்த விடுதிக்கு வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது, நான் யாரக் கூட்டிட்டுப் போவேன்?"

"அப்போ இல்லைன்னு அமுக்க வேண்டியதுதானே?"

"சாப்ட்டியான்னு கேட்டா இல்லைன்னு எப்படிக்கா சொல்றது?"

யூரிம் சுவரில் சாய்ந்துவிட்டாள். தெருவில் பாதிக் கடைகளில் இதுதான் வழக்கம், அவளுக்கும் தெரியாததா? ஆனால் எந்தக் கடைக்குப் போனாலும் தோஜினோடு ஜோடியாகத்தானே போனாள். இரண்டு வாய் இருந்ததால் அந்த வாசல்படி அவள் காலைத் தட்டவே இல்லை. ஏட்டுச் சுரைக்காயை வைத்துக்கொண்டு ஊருக்கே விருந்து போட்டதாக நினைத்தோமே என்று அவமானமாக இருந்தது.

அன்றைக்கே கேள்வியை மாற்றினாள். "எங்கே, என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டது செயலி. உடனே பொய் வற்றிவிட்டது. பால் என்றார்கள். முக்கோணச் சோற்றுப் பொட்டலம் பாதி என்றார்கள். ஒருவன் தண்ணீர் என்று மட்டும் எழுதியிருந்தான்.

தோஜின் முகம் பார்க்கவே சகிக்கவில்லை. பழைய பதில்களையே காட்டலாம், பட்டம் வாங்கினபிறகு சரிசெய்து கொள்ளலாம் என்று கெஞ்சினான். அவன் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பிள்ளைக்கு வேலை காத்திருக்கிறது. யூரிம் சரி என்றுகூடச் சொன்னாள். வெள்ளிக்கிழமை மேடையில் ஏறி, பழைய பச்சை விளக்குகளைத் திரையில் போட்டாள். முன்வரிசைப் பேராசிரியர் தலையாட்டி, எல்லாரும் சாப்பிட்டிருக்கிறார்களே என்று பாராட்டினார். ஆமாம் என்றால் முடிந்தது. அவள் கால் ஆடத் தொடங்கியது.

"இல்ல சார்," என்றாள். "சாப்பிடல. யாருமே சாப்பிடல."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். பேராசிரியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியானால் இந்தச் செயலி வேலை செய்யவில்லை, அடுத்த பருவத்தில் திருத்திக்கொண்டு வாருங்கள் என்றார். தோஜின் தன் பையை எடுத்துக்கொண்டு, அவளைத் திரும்பியும் பார்க்காமல் போனான். அவள் செய்தது சரியா, மடத்தனமா என்று எங்கள் தெருவில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. நான் எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள்.

அன்று சாயங்காலம் யூரிம் தெருவை மேலும் கீழுமாக அளந்தாள். தோஜினை எந்த முகத்தோடு பார்ப்பது? அம்மா சந்தையில் எந்த முகத்தோடு நிற்பாள்? தக்கால்பிக் கடை வாசலில் மசாலா வாசம் குடலைப் பிடுங்கியது. ஒற்றை ஆள், உள்ளே போக முடியாது. அப்போது போன் அடித்தது. கடை மூடும் நேரம்.

"சாப்ட்டியா?" என்றாள் அம்மா.

வாய் தானாகச் "சாப்ட்டேன்" என்று சொல்லப் பார்த்தது. யூரிம் அதை விழுங்கினாள்.

"இல்லம்மா. காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. பட்டமும் இந்தத் தடவ இல்லம்மா."

மறுமுனையில் கடை ஷட்டர் பாதி இறங்கி நின்ற சத்தம் கேட்டது. யூரிமும் நின்றுவிட்டாள். கால் ஆடவில்லை.

"நானும் சாப்பிடலடி," என்றாள் அம்மா. "எந்த நாள்தான் இந்நேரத்துக்குச் சாப்ட்டிருக்கேன்? நீ கேப்ப, ஆச்சும்பேன்."

யூரிம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பஸ் இருக்குல்ல? ஏறி வா. ரெண்டு பேருக்கு உலை வைக்கிறேன்."