உள்ளே ஆள், வெளியே பூட்டு

வீட்டை வாடகைக்கு விடுவதும் பிள்ளை வளர்ப்பதும் ஒரே வேலைதான்; பிள்ளையாவது என்றைக்காவது எல்லாரும் தூங்கும்போது தூங்கும்.

தொண்ணூற்றொன்றில், சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரகடம் ரோட்டில், எங்கள் மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் மூன்று ரூம் கட்டினோம். மேலே சிமெண்டு ஷீட்டு. என் வீட்டுக்காரர் கொத்தனார், காலையில் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வருவார். ஆகவே ரூம்களைப் பார்த்துக்கொள்வது நானும், இடுப்பில் இருந்த என் ஒரு வயசுப் பெண் செல்வியும்தான். உங்களில் யாராவது வீடு வாடகைக்கு விட்டிருந்தால் மேலே படியுங்கள், மனசு ஆறும்.

ஒரு கட்டில் போதும்

கடைசி ரூமுக்கு இரண்டு பேர் வந்தார்கள், இருவரும் ஒரே கம்பெனி. ஏழுமலை செய்யாறு பக்கம், பாண்டி திருநெல்வேலிப் பக்கம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கட்டில். எப்படிப் படுப்பீர்கள் என்று கேட்டேன். "நான் காலைல கெளம்பினப்பறம்தான் அவன் நைட் ஷிப்டு முடிச்சி வருவான். மூஞ்சி பாத்தே பத்து நாளாச்சுக்கா," என்றான் ஏழுமலை. பேச வேண்டியதைக் கதவின் பின்பக்கம் சாக்பீஸால் எழுதிவைப்பார்கள். 'எண்ணெய் தீர்ந்தது' என்று ஒருவன் எழுதுவான். அடுத்தவன் அதன் கீழே 'தெரியும்' என்று எழுதுவான்.

பாண்டிக்குக் கல்யாணமாகியிருந்தது. மனைவி பிரசவத்துக்குப் போய் அம்மா வீட்டிலேயே இருந்தாள். நாலு மாதப் பிள்ளையை அவன் இரண்டு தடவைதான் பார்த்திருந்தான். ஒரு வருஷ டிரெயினிங் முடிய ஒரு மாதம்தான் பாக்கி. பர்மனென்ட் ஆகிவிட்டால் காலியாகக் கிடந்த நடு ரூமை எடுத்துக்கொண்டு இரண்டு பேரையும் அழைத்து வந்துவிடுவான். பேச்சுத் துணைக்கு ஒரு பெண் வரப்போகிறாளே என்று எனக்கும் ஆசை. ஆகாவிட்டால் என்று கேட்டேன். "ஊருக்குப் போய் மாமனார் கடைல பொட்டணம் மடிக்க வேண்டியதுதான். ஒருநாள் சொல்லாம நின்னாலும் பேரை அடிச்சிருவாவக்கா."

பகலில் சத்தம் கூடாது

இரவெல்லாம் மிஷினில் நின்றுவிட்டு வருகிறவன் பகலில்தான் தூங்க வேண்டும். அந்தத் தூக்கத்துக்கு நான் காவல். கோழிகளைப் பின்பக்கம் விரட்டினேன். செல்வி டம்ளரைத் தரையில் தட்டிக்கொண்டே இருப்பாள், "தட்டாதடி" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொன்னேன். குடியிருந்தவர்களும் பழகிப்போய், குழாயடியில்கூட ஜாடையில்தான் பேசினார்கள்.

மீன் விற்கும் கன்னியம்மாவை ரோட்டிலேயே மறித்து, கூவாதே என்று கெஞ்சினேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாமே, பகல்ல தூங்கறவனுக்கு வூட்ட வுட்டுட்டு ஊரையே வாய மூடச் சொல்ற. மீனு இன்னா, தானா நடந்துக்கினு வருமா?"

மழைக்கு ஏது ஷிப்டு

கோடை மழையில் கடைசி ரூம் ஒழுகியது. சரியாகக் கட்டிலுக்கு மேலே. ஊருக்கெல்லாம் வீடு கட்டும் என் வீட்டுக்காரர், பத்து நாள் கழித்து ஏணி போட்டு ஏறினார். மூலை ஷீட்டின் கொக்கிகளைக் கழற்றி, தார் பூசி, மேலே ஒரு மணல் மூட்டையை வைத்துவிட்டு, "நாளைக்கு நட்டு போட்டு முறுக்கிடறேன்" என்று இறங்கினார். அந்த நாளை வரவில்லை, மழை வந்தது.

ஏழுமலை ஈரப் பாயோடு என் வாசலில் நின்றான். திட்டுவான் என்று பார்த்தேன். "ஒழுகறது பரவால்லக்கா. ஆனா மழைக்கும் ஒரு ஷிப்டு போட்டுக் குடுங்க, எப்பப் பாரு என் தூக்கத்துலதான் பெய்யுது."

மூன்று அடி

அடுத்த திங்கட்கிழமை பாண்டிக்கு ஷிப்டு மாறி, மதியம் இரண்டு மணி வேலை. காலையில் அவன் தரையில் போர்த்திப் படுத்திருந்தான். ஏழுமலை வழக்கம்போல அஞ்சரைக்கு எழுந்தான், கிளம்பினான், வழக்கம்போல வெளியே பூட்டிக்கொண்டு போனான். அவன் கிளம்பும்போது அத்தனை நாளும் காலி ரூமைத்தானே பூட்டியிருக்கிறான்.

பாண்டி பதினோரு மணிக்கு எழுந்து பார்த்திருக்கிறான். கத்தவில்லை. நான்தான் எல்லாரையும் கத்தக் கூடாது என்று பழக்கிவைத்திருக்கிறேனே. கதவை மெதுவாகத் தட்டினான். நானும் அடுப்படியிலிருந்து "தட்டாதடி" என்றேன். மறுபடி தட்டினான். மறுபடி அதட்டினேன். ஒரு மணிக்கு செல்வியை இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டும்போதும் தட்டல் கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கம்பெனி வேன் ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம் ஒன்றரைக்கு வந்துவிடும். வீட்டுக்காரரின் சுத்தியலை எடுத்துவந்து பூட்டில் மூன்று அடி போட்டேன். பூட்டு கோணிக்கொண்டதே தவிர திறக்கவில்லை. அப்போது உள்ளேயிருந்து அடங்கின குரல் வந்தது: "யக்கா, எங்கிட்டயும் ஒரு சாவி இருக்கு."

வந்த வழி வேறு

ஜன்னல் கம்பி வழியாகச் சாவியை வாங்கிப் போட்டால், கோணின பூட்டில் அது நுழையவே இல்லை. அவன் பிள்ளையின் முகம் எனக்குத் தெரியாது, ஆனாலும் அதுதான் கண்ணில் வந்து நின்றது. சட்டென்று கூரை ஞாபகம் வந்தது. "பாண்டி, கட்டில் மேல ஏறி மூலை ஷீட்ட தள்ளு. மேல மணல் மூட்டதான் இருக்கு" என்றேன்.

மூட்டை தொப்பென்று கோழிகளுக்கு நடுவில் விழுந்தது. ஷீட்டு நகர்ந்தது. தலை வந்தது, பிறகு தாரோடு சட்டை வந்தது. குளியலறைச் சுவரில் இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டைப் பார்த்து ஓடினான். எதிரே கூடையோடு வந்த கன்னியம்மா ஒதுங்கி நின்று பார்த்தாள். "இன்னாமே, உன் குடித்தனக்காரன் கூரை வழியா போறான். வாடகைய ஏத்திட்டியா?"

நடு ரூம்

வேன் கிடைத்துவிட்டது. சட்டையில் தார் ஏது என்று சூப்பர்வைசர் கேட்க, நடந்ததை அப்படியே சொல்லியிருக்கிறான். அவர் சிரித்து முடித்துவிட்டுத்தான் மிஷினைப் போடச் சொன்னாராம். அந்த மாதக் கடைசியில் கையில் பர்மனென்ட் லெட்டர் வந்தது. அடுத்த வாரம், டிரங்குப் பெட்டியும் பிள்ளையுமாக அவன் மனைவி இசக்கியம்மாள் வந்து இறங்கினாள்.

நடு ரூமைத் திறந்துவிட்டேன். அவள் உள்ளே போகவில்லை. பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "மொதல்ல அந்த ஓட்டை எங்க இருக்குன்னு காட்டுங்க மைனி, ஒரு கும்பிடு போட்டுக்கிடுதேன்."

வாடகைக்கு விட்டு என்னைப்போல மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பூட்டை நல்லதாக வாங்குங்கள், கூரையில் மட்டும் கொஞ்சம் வேலை பாக்கி வையுங்கள்.