ஒரு தெருவுக்கு எத்தனை யூனிஃபார்ம்

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்று சொல்லிவைத்தவர்கள் அமலராணியை எந்த வரிசையில் உட்கார வைப்பார்களோ தெரியாது. சேலையூரில் அவள் இருக்கும் வீடு அப்பா கட்டியது. கல்யாணம் நடக்கவில்லை. ஆனால் கடந்த பதினொரு வருஷத்தில், வெளிநாட்டிலிருந்து வந்திறங்கிய அறுபது குடும்பங்களுக்காவது ‘இந்தத் தெருவில் இருங்கள், அந்தத் தெரு வேண்டாம்’ என்று சொல்லி வீடு அமைத்துக் கொடுத்திருக்கிறாள். கொரியாக்காரர்கள், ஜப்பான்காரர்கள், ஜெர்மனிக்காரர்கள். ஒரகடத்திலும் மறைமலை நகரிலும் இருக்கும் தொழிற்சாலைகளுக்கு வேலையாக வருகிறவர்கள். பெண்டாட்டி பிள்ளைகளோடு வரும் அவர்களை இரண்டு நாள் காரில் ஏற்றித் தாம்பரம் சுற்றுவட்டாரத்தைக் காட்டுவதற்கு, கிண்டியில் ஒரு கம்பெனி அவளை வைத்திருக்கிறது.

வயது ஐம்பத்து மூன்று. தடித்த கண்ணாடி, பருத்திச் சுடிதார், தோளில் தண்ணீர் பாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் பை. பேச்சில் தாட்சண்யம் கிடையாது. வீட்டு ஓனர்களுக்கு அவளைக் கண்டால் கொஞ்சம் உதறல்தான். வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் அவள் காம்பவுண்டுச் சுவரைப் பார்ப்பாள். போன மழைக்குத் தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்று சுவர் சொல்லிவிடும். அடுத்து, மாலை ஐந்து மணிக்கு அதே தெருவுக்குத் தனியாக வந்து கால் மணி நேரம் சும்மா நிற்பாள். கடைசியாகத் தெருமுனை இஸ்திரி வண்டிக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

“இந்தத் தெருவுல எத்தனை வீட்டு ஸ்கூல் யூனிஃபார்ம் வருது?”

கம்பெனியில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். தொழிலுக்கு வந்த இரண்டாம் வருஷம், பல்லாவரத்தில் ஒரு ஜெர்மன் குடும்பத்துக்கு அருமையான வீடு பிடித்துக் கொடுத்தாள். மாமரம், அகலமான பால்கனி, எல்லாம் இருந்தது. அவர்கள் ஊருக்குத் திரும்பும்போது அந்த அம்மாள் சொன்னாள்: வீட்டில் ஒரு குறையும் இல்லை, என் பையன்தான் வருஷம் முழுக்கக் கேட்டில் பந்தை அடித்து, தானே பொறுக்கி, மறுபடி அடித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அமலராணிக்குச் சோறு இறங்கவில்லை. புரோக்கர் பொய் சொல்வான், ஓனரும் சொல்வார், இஸ்திரிக்கு வரும் துணி பொய் சொல்லாது என்பதை அதற்குப் பிறகுதான் கண்டுபிடித்தாள்.

இப்படிப்பட்டவளுக்குப் போன மார்ச்சில் நெதர்லாந்திலிருந்து தங்கச்சியின் போன் வந்தது.

தங்கச்சி ஜாஸ்மின் அவளைவிடப் பதினான்கு வயது இளையவள். அம்மா இறந்தபோது ஆறாம் வகுப்பில் இருந்தாள். அவளுக்கு ஜடை பின்னி, டிபன் கட்டி, பரீட்சைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, படிக்கவைத்து, ஜெபினுக்குக் கட்டிக்கொடுத்து விமானம் ஏற்றியது எல்லாம் அமலராணிதான். அந்த ஓட்டத்தில் தன்னுடைய கல்யாணப் பேச்சு எந்த வருஷம் நின்றது என்று அவளுக்கே நினைவில்லை. அப்பாவும் போய் ஒன்பது வருஷமாகிறது. ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் ஒரு தட்டுதான் கழுவுகிறாள்.

“அக்கா, ஜெபினை மூணு வருஷத்துக்கு மறைமலை நகர் பிளான்ட்டுக்குப் போடுறாங்க. ஜூன்ல பசங்களோட வந்துடுவோம்,” என்றாள் ஜாஸ்மின். “உனக்கு எதிர் வீட்டு மாடி காலியா இருக்குன்னு சொன்னியே. அதையே பேசிடேன். பக்கத்துலயே இருந்துக்கலாம்.”

அமலராணி செருப்புக்கூடப் போடாமல் எதிர் வீட்டுக்கு ஓடினாள். எதிர் வீட்டு உஸ்மான் பாய் தோல் பை வியாபாரம் செய்கிறவர், நல்ல மனுஷர். விஷயத்தைக் கேட்டதும், “சந்தோஷம் சிஸ்டர். உங்க தங்கச்சிக்கு இல்லாததா?” என்று சொல்லி, மாடிக் கம்பியில் தொங்கிய டு-லெட் போர்டை அப்போதே கழற்றி உள்ளே வைத்தார்.

அடுத்த பத்து நாள் அவள் நடையே வேறு. பிள்ளைகளுக்கென்று இரண்டு எவர்சில்வர் தட்டு வாங்கினாள். மாலையில் டீயோடு வாசலில் உட்கார்ந்து எதிர் மாடியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பால்கனியில் யார் துணி காயப் போடுவார்கள், அங்கிருந்து கூப்பிட்டால் இங்கே கேட்குமா என்றெல்லாம் யோசிப்பாள். ஊருக்கெல்லாம் சோதனை வைத்தவள் சொந்தத் தெருவுக்கு மட்டும் வைக்கவில்லை. மறந்தாளா, பயந்தாளா என்று நான் கிண்டப் போவதில்லை. ஒன்பது வருஷம் தனியாகச் சாப்பிட்டவளுக்கு அந்த அளவு சலுகைகூடக் கிடையாதா?

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் ஜாஸ்மினின் மூத்தவள், பத்து வயது ஜெரூஷா வந்தாள். அவளுடைய தமிழ் ஒவ்வொரு சொல்லாகப் படியிறங்கி வரும்.

“பெரியம்மா, உங்க தெருவுல பசங்க இருக்காங்களா? எனக்கும் தம்பி ஏதனுக்கும் இங்க இருக்கிற ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் போயிடும்.”

‘இருப்பாங்கடா’ என்றுதான் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் வாய்க்குப் பழகிப்போன பதில் வேறு. “பார்த்துட்டுச் சொல்றேன்,” என்றாள்.

மறுநாள் ஐந்து மணிக்குத் தன் வீட்டு கேட்டிலேயே போய் நின்றாள். ரிடையரான ஒருவர் கைத்தடியோடு தெருக்கோடி வரை போய்த் திரும்பினார். சாப்பாடு கொண்டுவரும் பைக் ஒன்று வந்து போனது. மூன்றாவது வீட்டிலிருந்து, “எழுந்துட்டியாப்பா? அங்க விடிஞ்சிடுச்சா?” என்று யாரோ போனில் உரக்கக் கேட்பது வாசல் வரைக்கும் வந்தது. கால் மணி நேரத்தில் ஒரு சைக்கிள் மணி கேட்கவில்லை, ஒரு பந்து உருளவில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இதே தெருவில் ஜாஸ்மினை உள்ளே கூப்பிட அவள் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள்.

தெருமுனைப் புங்கமரத்தடியில் தனத்தின் இஸ்திரி வண்டி நிற்கிறது. முன்பு அந்த இடத்தில் தனத்தின் மாமியார் செல்லம்மா நின்றாள். ஜாஸ்மினின் நீலப் பாவாடையின் மடிப்புகளை அவள்தான் தேய்த்துக் கொடுப்பாள். அமலராணி தயங்கித் தயங்கித் தன் கேள்வியைக் கேட்டாள்.

“யூனிஃபார்மா? நம்ம தெருவுலயா?” தனம் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “இன்னாக்கா, நீயே கேக்குற. அதெல்லாம் வந்து மூணு வருசம் ஆச்சு. கடைசி வூட்டுப் பொண்ணு பன்னெண்டாவது முடிச்சிட்டு கோயமுத்தூரு பூட்சி. அதோட சரி.”

“ஒண்ணுகூட இல்லையா?”

“முக்காவாசி ஒத்த ஆளு வூடுக்கா. வாரத்துக்கு ரெண்டு சட்டை, ரெண்டு வேட்டி, இல்லாங்காட்டி ரெண்டு பொடவை. அந்த மாரி ஒம்போது வூடு கீது.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “உன்னுத சேத்தா பத்து,” என்றாள்.

தனம் அதை மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அமலராணிக்குத்தான் வீட்டுக்கு வந்து விளக்கைப் போடக் கை எழவில்லை.

இரண்டு நாள் தனக்குத் தானே வக்கீலாக வாதாடிப் பார்த்தாள். பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒன்றுக்கு ஒன்று துணையாகாதா? பெரியம்மா நான் இல்லையா? மூன்று வருஷம்தானே? தொட்டில் பழக்கம் மாதிரி, தொழில் பழக்கமும் லேசில் விடாது. ஒவ்வொரு வாதத்தின் முடிவிலும் பல்லாவரத்து கேட்டில் அந்தப் பந்து ‘டங்’ என்று விழுந்துகொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் போன் செய்தாள். “எதிர் மாடிக்கு யாரோ அட்வான்ஸ் குடுத்துட்டாங்களாம்டி.” தங்கச்சியிடம் அவள் சொன்ன முதல் பொய் அது.

“போனா போகட்டும்க்கா. நீயே நல்ல தெருவா ஒண்ணு பாரு. நீ பார்த்தா சரியாத்தான் இருக்கும்.”

அந்த நம்பிக்கைதான் அவளை அதிகம் வருத்தியது. உஸ்மான் பாயிடம் போய் மாடி வேண்டாம் என்றாள். போர்டை எடுத்து மறுபடி கம்பியில் மாட்டினார்.

கூடுவாஞ்சேரியில், ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகும் தூரத்தில், புது லேஅவுட் ஒன்றில் வீடு அமைந்தது. அங்கே இஸ்திரி போடும் அன்பு என்பவர் கேள்வியைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். இருபத்தாறு வீட்டு யூனிஃபார்ம். திங்கட்கிழமை காலையில் அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. பிளான்ட்டும் பக்கம், பள்ளிக்கூடமும் பக்கம். அமலராணி வீடு பார்க்கும்போது நிரப்பும் தன் தாளில் எல்லாவற்றுக்கும் நேரே டிக் போட்டாள். சேலையூரிலிருந்து எவ்வளவு தூரம் என்பதற்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

ஜூனில் வந்து இறங்கினார்கள். இரண்டாவது சனிக்கிழமை அவள் ரயிலேறிப் போனபோது மணி ஐந்து. தெரு நிறையப் பிள்ளைகள். ஏழு வயது ஏதன் அந்தக் கூட்டத்தில் எங்கே இருக்கிறான் என்று கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. முழங்காலெல்லாம் புழுதி. “ஹாய் பெரியம்மா,” என்று ஓடிக்கொண்டே சொன்னான், நிற்கவில்லை. அவளுக்குப் பெருமையாக இருந்தது. அழுகையும் வந்தது.

“நீயும் இங்கயே வந்துடேன்க்கா,” என்றாள் ஜாஸ்மின்.

“மூணு வருஷம் கழிச்சு நீங்க கிளம்பிடுவீங்க. அப்புறம் இந்தத் தெருவுல நான் யாரு?” என்றாள் அமலராணி.

ஜூலையில் ஒரு ஞாயிறு, ஜாஸ்மின் குடும்பத்தோடு சேலையூருக்குச் சாப்பிட வந்தாள். காரிலிருந்து இறங்கியவள் எதிர் மாடியை அண்ணாந்து பார்த்தாள். டு-லெட் போர்டு வெயிலில் வெளுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

“யாரோ அட்வான்ஸ் குடுத்துட்டாங்கன்னியே அக்கா?”

“வந்தாங்க. போயிட்டாங்க.”

ஜாஸ்மின் அக்காவையே பார்த்தாள். பிறகு தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். அவளுக்கும் இந்தத் தெருவில் ஒரு காலத்தில் ஐந்து மணி இருந்தது. “உனக்குப் பொய் சொல்ல வராதுக்கா,” என்றாள். கிளம்பும்போது, “மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை பசங்க உன்கூட இருக்கட்டும். திங்கக்கிழமை இங்கேருந்தே ஸ்கூலுக்குப் போகட்டும்,” என்றாள்.

ஆகஸ்டின் முதல் ஞாயிறு பிள்ளைகள் புத்தகப் பையும் யூனிஃபார்முமாக வந்தார்கள். எவர்சில்வர் தட்டுகள் இரண்டும் முதல் தடவையாகச் சோறு கண்டன. ஐந்து மணி ஆனதும் ஏதன் பந்தை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான்.

“எல்லாரும் எங்க பெரியம்மா?”

“வீட்டுக்குள்ள இருக்காங்கடா.”

அவன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். யாரும் வரவில்லை. பந்தைக் கேட்டில் அடித்தான், பொறுக்கினான், மறுபடி அடித்தான். மூன்றாவது தடவை பந்தை அமலராணி வந்து பிடித்துக்கொண்டாள். “நானும் ஆட வரேன்,” என்றாள். முழங்கால் வலியோடு பத்து நிமிஷம் ஆடினாள். இடையில் சேர்ந்துகொண்ட ஜெரூஷா பெரியம்மாவை ஜெயிக்க விட்டாள்.

பிறகு அமலராணி யூனிஃபார்ம் இரண்டு செட்டையும் எடுத்துக்கொண்டு புங்கமரத்தடிக்குப் போனாள். தனம் துணியை விரித்துப் பார்த்தாள்.

“யாருதுக்கா?”

“ஜாஸ்மின் பசங்களது. நாளைக்கு இங்கேருந்து ஸ்கூலுக்குப் போறாங்க.”

“இங்கியே வந்துட்டாங்களா?”

“இல்ல. ஒரு நாளைக்கு.”

தனம் முன்னால் அடுக்கியிருந்த சட்டை வேட்டிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு யூனிஃபார்மை முதலில் போட்டாள். பாவாடை மடிப்புகளை ஒவ்வொன்றாகத் தண்ணீர் தெளித்துத் தேய்த்தாள். முடித்துவிட்டு, “எதிர் மாடி இன்னும் காலியாத்தான் கீது. யாராச்சும் வூடு பாக்க வந்து கேட்டா, ரெண்டு யூனிஃபார்ம் வருதுன்னு சொல்லட்டாக்கா?” என்றாள்.

அமலராணி சிரித்துவிட்டாள். பிறகு தலையை அசைத்தாள்.

“வேணாம் தனம். ஒண்ணும் இல்லன்னே சொல்லு. நம்பி வந்து குழந்தைங்க ஏமாந்துடும்.”

தனம் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள். துணி இன்னும் சூடாக இருந்தது. ஆறிப்போவதற்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது போல அமலராணி வேகமாக நடந்தாள்.