கழுதை திருப்பிய பலகை

எத்தாளைப் பக்கம் பற்றைக்காட்டு ஒற்றையடிப் பாதைகளைச் சம்பளமில்லாமல் துப்புரவு செய்துவந்த சிலரில் அவரும் ஒருவர். பெயர் கேட்கவில்லை. தொப்பியில் பச்சைப் பெயின்ட் தெறித்திருந்தது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, சாய்ந்திருந்த வழிகாட்டிப் பலகையை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

அந்தப் பலகையை நம்பிப் போய்த்தான் நான் கடலோரக் களப்புச் சேற்றில் மாட்டித் திரும்பியிருந்தேன். நண்பனின் வாப்பா இறந்த செய்தி கேட்டுக் கிளம்பியவன் நான்; இந்நேரம் அவரை அடக்கம் செய்து முடித்திருப்பார்கள். ஆத்திரமாக வந்தது.

“நானா, யாரு இதத் திருப்பி வச்ச?” அண்ணன் முறை சொல்லித்தான் கேட்டேன்.

“கழுத, தம்பி. முதுகு ஒரச வரும். கம்பம் சுத்திப் போகும். நானும் வந்து வந்து நிமித்துறன்.”

பேசும்போதெல்லாம் மண்வெட்டிப் பிடியால் கம்பத்தடி மண்ணை இடித்துக்கொண்டே இருந்தார்.

“சுத்தி முள்ளுக்கம்பி அடிச்சா என்ன?”

இடிப்பது நின்றது. “அல்லாஹ்வே! அதுக்குக் குத்தாதா?”

“ஆக்கள் வழி மாறிப் போறாங்களே!”

“ஓம். நீங்க வாயத் தொறந்து வழி கேக்கலாம். அது யார்ட்ட போய் முதுகச் சொறியச் சொல்லும்?”



அடுத்த மாதம் மறுபடி போனேன். கம்பத்துக்குச் சீமெந்து போட்டு, உரசுவதற்கு வசதியாகத் தும்புக்கயிறும் சுற்றியிருந்தார். இரண்டு கழுதைகள் சுகமாக உரசிக்கொண்டிருந்தன. பலகையோ பக்கத்து மரத்தில் ஒற்றை ஆணியில் தொங்கி, காற்றடிக்கும் பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டிருந்தது.

அவர் பாதையை யாருக்காகப் பார்த்துக்கொள்கிறார்?

வழி கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். கழுதைகளைத் தவிர அங்கே ஒருவரும் இல்லை.