பிஸ்கட் டின்னில் கட்டிய ஆம்ப்

நாம் மகிழ்ச்சியோடு எழுப்பும் ஓசை சுவருக்கு அந்தப் பக்கம் என்னவாகப் போய்ச் சேருகிறது என்று அறிந்துகொள்ளும் பொறுப்பு யாருடையது? பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் இந்தக் கேள்வி எனக்கு எழவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், கையில் சால்டரிங் அயர்னோடு நின்றபோது எழுந்தது.

இலங்கை மலையகத்து ஹட்டன் நகரில் கல்யாண வீடுகளுக்கு வாசிக்கும் இசைக்குழு ஒன்று கிட்டார் வாசிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தது. என் தங்கை, பழைய மின்சார கிட்டார் ஒன்றை வாங்கித் தானாகவே பழகியவள், அங்கே போய் வாசித்துக் காட்டினாள். "கை ரொம்பப் பலமா விழுதும்மா. ஆம்ப்புல போட்டு ஒரு வாரம் பழகிட்டு வாங்க, அப்புறம் முடிவு சொல்றோம்" என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயமே. ஓசையைப் பெருக்கும் ஆம்ப் இல்லாத மின்சார கிட்டாரில் கம்பியின் மெல்லிய கிணுகிணுப்புத்தான் கேட்கும். அதுவாவது காதில் விழட்டும் என்று அவள் ஓங்கி அடித்தே பழகியிருந்தாள்.

ஆகவே ஒரு வாரத்துக்குள் அவளுக்கு ஓர் ஆம்ப் வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் ஆறு வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில், எங்கள் அறையில் இருந்தது ஒரே பிளக். மழை பிடித்தால் கரண்ட் எப்போது போகும் என்றும் சொல்ல முடியாது. பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப்பை நானே கட்டுவது என்று முடிவெடுத்தேன். இணையத்தில் வரைபடம் கிடைத்தது. ஹட்டனில் ரேடியோ திருத்தும் முஸ்லிம் நானா ஒருவரின் கடையில் எட்டுக் கால் உள்ள ஓர் ஐசி, சில கபாசிட்டர்கள், பழைய ரேடியோ ஒன்றின் ஸ்பீக்கர் ஆகியவை கிடைத்தன. பெட்டிக்கு ஒரு பிஸ்கட் டின். எல்லாவற்றையும் பற்றவைத்து முடித்தபோது, பேட்டரியின் இரு முனைகளுக்கும் குறுக்கே போட வேண்டிய பெரிய கபாசிட்டர் மட்டும் டின்னுக்குள் அடங்காமல் நிமிர்ந்து நின்றது. அதைக் கழற்றிவிட்டு மூடியை மூடினேன். ஒன்று குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று எண்ணினேன்.

லயத்து அறைகளைப் பிரிக்கும் சுவர் கூரைவரை எட்டாது. ஆறு வீட்டுக்கும் மேலே ஒரே தகரம். டின்னை அந்தச் சுவரின் தலையில், ஸ்பீக்கர் தகரத்தைப் பார்க்கும்படி வைத்தேன். தங்கை ஒரு கம்பியைத் தொட்டாள். அடேயப்பா! அறை முழுவதும் அந்த ஒரு சுரம் நிரம்பியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் குதித்தே விட்டேன்.

"இன்னும் கூட்டுங்கண்ணே!"

ஒலியைக் கூட்டும் குமிழை முழுவதும் திருப்பினேன். கம்பியைத் தொடாமலேயே டின் தானாக இரையத் தொடங்கியது. ஆழமான, நடுங்கும் ரீங்காரம். தகரத்தில் பட்டுப் பல மடங்காகப் பெருகியது. அதையும் நாங்கள் வியந்து ரசித்துக்கொண்டிருந்தோம்.

"கொளவி! கொளவி!"

வெளியே அலறல். தேயிலை மலையில் குளவி கலைந்தால் ஓடக் கூடாது, போர்த்திக்கொண்டு தரையோடு படுக்க வேண்டும் என்பது எங்கள் ஆட்களுக்கு உடம்பிலேயே ஊறிய பாடம். நான் எட்டிப் பார்த்தபோது வாசலில் ஏழெட்டுப் பேர் கம்பளிக்குள் குப்புறக் கிடந்தார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் பச்சைத் தழையைக் கொளுத்தி, புகையோடு எங்கள் கூரையை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

தங்கை சட்டென்று வயரைப் பிடுங்கினாள். அமைதி.

"அண்ணே, அது கொளவி இல்லீங்க. நாங்க செஞ்ச ஆம்ப்" என்றேன்.

அவர் புகையும் தழையுமாக அப்படியே நின்றார். "ஏன்டா தம்பி, கவர்மெண்டு ஒனக்குப் பட்டம் குடுத்தது டின்னுல கொளவி வளக்கவா?"

கம்பளிகள் ஒவ்வொன்றாகக் குலுங்கிச் சிரிக்கத் தொடங்கின. ஒரு கம்பளி மட்டும் அசையவில்லை. அதற்குள் அண்ணனின் மனைவி, தன் கைக்குழந்தையை வயிற்றோடு அணைத்தபடி சுருண்டிருந்தார். போன மாதம் கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். எழுந்ததும் முதலில் குழந்தையின் முகத்தையும் கைகளையும் தடவிப் பார்த்தார்.

"சிரிக்காதீங்க. எனக்கு இன்னும் காதுக்குள்ள அந்தச் சத்தம் போகல. தம்பி, இது இந்த லயத்துல வேணாம்."

தங்கை கிட்டாரை உறைக்குள் வைத்தாள். அவளுக்குக் கிடைத்த ஒரு வாரம் வீணாகப் போகிறதே என்று எனக்குத் தாங்கவில்லை. அந்த அக்கா கேட்டதோ முழு நியாயம். இரைச்சலை அடக்கியிருக்க வேண்டிய ஒரு கபாசிட்டரை நான் அற்பமாக நினைத்ததற்கான விலையைத் தங்கையும் அவரும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் உயரமான டின் ஒன்று தேடி, அந்தக் கபாசிட்டரைப் பொருத்தினேன். குமிழை முழுவதும் திருப்பியும் இரைச்சல் இல்லை. வேலை முடிந்து அக்கா வந்ததும், டின்னை அவர் வாசலுக்கே எடுத்துச் சென்றேன்.

"அக்கா, நீங்களே திருப்புங்க. புடிக்கலைன்னா நிப்பாட்டிருங்க. அதுக்கப்புறம் இத இங்க போட மாட்டோம்."

அவர் தயங்கி, இரண்டு விரலால் குமிழைப் பிடித்தார். கொஞ்சம் திருப்பினார். தங்கை மிக மெதுவாக வாசித்தாள்; அவள் கை அவ்வளவு இலேசாக விழுந்து நான் கண்டதே இல்லை. இடுப்பிலிருந்த குழந்தை டின்னை நோக்கித் தாவியது.

"இவ்வளவுதானா? இதுக்கா நேத்து அந்த ஆட்டம்?" என்ற அக்கா, இன்னும் கொஞ்சம் கூட்டினார். "ம், வாசி புள்ள. நாலரைக்கு மேல நான் வீட்டுல இருக்கேன். அந்நேரம் வாசி."

அடுத்த ஞாயிறன்று மறுபடி வாசித்துக் காட்டியதும் குழுவினர் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது மாதத்தில் இரண்டு மூன்று கல்யாணங்களில் வாசிக்கிறாள். நான் புதிதாக எதைக் கட்டினாலும், இயக்குவதற்கு முன் ஆறு வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லிவிடுகிறேன்.