சீட் பெல்ட் போட்டு வந்த பீர்

போன சனிக்கிழமை என் மகள் சாலட்டுக்காக ஆப்பிள் வினிகர் பாட்டிலைத் திறந்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நான் எழுந்து கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடக்க ஆரம்பித்துவிட்டேன். "அப்பா, ஆர் யூ ஓகே?" என்றாள். முரளியைப் பற்றி ஒரு வரியில் எப்படிச் சொல்வது?

கல்யாணத்துக்கு முன்பு கலிஃபோர்னியாவில், மில்பிடாஸில் நானும் முரளியும் ஒரே அபார்ட்மென்ட். பொள்ளாச்சிக்காரன். ஏதோ ப்ராஜெக்ட் என்று பெல்ஜியம் போனவன், அங்கே ஃபிளாண்டர்ஸ் பக்கத்துப் புளிப்பு பீரைக் குடித்துவிட்டு வந்து, "நாமளே பண்ணலாம்டா" என்று ஒற்றைக்காலில் நின்றான். முளைகட்டிய பார்லி மால்ட்டைக் காய்ச்சிய அன்று வீடெல்லாம் கேழ்வரகுக் கூழ் மணம். ஆறியதும் ஈஸ்ட்டும் புளிக்க வைக்கிற பாக்டீரியாவும் சேர்த்து, பெரிய கண்ணாடி ஜாடியில் ஊற்றித் துணி அலமாரிக்குள் வைத்தான்.

"எப்போ குடிக்கலாம்?"

"ஒன்னர வருசமாவது ஆகும்."

மைக்ரோவேவ் நிற்பதற்குள் கதவைத் திறக்கிற ஆள் நான். எங்கள் விசாவே அத்தனை காலத்துக்கு நிச்சயமில்லை. ஆபீஸிலிருந்து வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் ஜாடியை எட்டிப் பார்ப்பேன். மேலே வெள்ளையாக ஆடை கட்டியபோது கெட்டுவிட்டது என்று பதறினேன். "அதுதான் காவல். காத்து உள்ள போகாம பாத்துக்கும். நீ சும்மா இரு" என்றான். எனக்கு வராதது அது ஒன்றுதான்.

அந்தக் குளிர்காலத்தில் முரளிக்கு வேலை போனது. விசா கெடுவுக்குள் வேறு வேலை அமையவில்லை. ஏர்போர்ட்டில் அவன் அழவில்லை. "அத மட்டும் கீழ ஊத்தீராத. வந்து குடிக்கறேன்" என்றான்.

சில மாதங்களில் எனக்கு டெக்சாஸில், ரவுண்ட் ராக்கில் வேலை கிடைத்தது. கட்டில், சோஃபா எல்லாவற்றையும் யார் யாருக்கோ கொடுத்தேன். ஜாடியைப் போர்வையில் சுற்றிப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் போட்டு ஓட்டினேன். அரிசோனா வெயிலில் அதற்காக வைத்த ஏசியில் எனக்குப் பல் கிட்டியது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் வலது கை தானாக அதன் மேல் போகும். வழியில் ஒரு மோட்டலில் அதைக் கட்டிப்பிடித்துத் தூக்கிப்போனபோது, வரவேற்பில் இருந்த குஜராத்தி ஆன்ட்டி "உள்ளே மீன் இருக்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றேன்.

முரளிக்கு மறுபடி விசா கிடைக்கவில்லை. கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். பீர் பக்குவமானதும் பாட்டிலில் அடைத்து, வீடியோ காலில் அவனை வைத்துக்கொண்டே முதல் பாட்டிலைத் திறந்தேன்.

"எப்பிடி இருக்குது?"

"நாவல்பழம் மாதிரி. கொஞ்சம் காடி, வினிகர் மாதிரி. அப்புறம் பழைய மரப்பெட்டி வாசம்."

கண்ணை மூடிக்கொண்டான். "இன்னும் சொல்லு."

எனக்குத் தெரிந்த பழங்கள் அத்தனையும் சொல்லித் தீர்த்தேன்.

"போதும்டா" என்றான். முகத்தைத் திரையிலிருந்து திருப்பிக்கொண்டான்.

பாட்டில்கள் எப்போதோ தீர்ந்துவிட்டன. மில்பிடாஸ் அபார்ட்மென்ட்டை இடித்துவிட்டார்கள். பண்டிகைகளுக்கு முரளியிடமிருந்து வாழ்த்துப் படம் வரும். நானும் ஒன்று அனுப்புவேன். எனக்கு க்ரீன் கார்டு வந்துவிட்டது, இனி யாரும் கிளம்பச் சொல்ல முடியாது. இங்கே ஆபீஸில் நான் பாஸ், கோயிலில் அங்கிள், வீட்டில் அப்பா. வாடா என்று கூப்பிட ஓர் ஆள் இல்லை.